வில்லன் பாட்டை மட்டும் வெட்டிக் கொடுக்காதீர்கள்

கார்ட்டூன் வில்லனின் பாட்டை வாயில் வைத்துக்கொண்டு இந்தத் தவணையில் என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்வரும் உளவளத்துணையாளர் நான். போன கிழமை ஒரு வகுப்பாசிரியர் பத்து வயதுப் பையன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். அவனுடைய கொப்பியை ஆசிரியர் என் மேசையில் வைத்தார். அடிமட்டம் வைத்து அழகாகக் கோடு போட்டிருந்தான். முதலில் பெயர், அடுத்து கொடுத்த காசு, அதற்கடுத்து வெள்ளிக்கிழமை தரவேண்டிய காசு. 20 ரூபாய்க்கு 30 ரூபாய். காசு தர முடியாதவர்களின் அழிறப்பரும் கலர் பென்சிலும் அவனுடைய பையில் பிணையாகக் கிடந்தன. ஒரு பிள்ளை மூன்று நாளாகப் பணிஸ் வாங்காமல் அந்தக் காசை இவனுக்குக் கட்டியிருக்கிறாள். அவள் மயங்கி விழுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஏனப்பன் இப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டேன்.

"நான் ஒரு கெட்ட வேலையும் செய்யேல்லை மிஸ். அவையள் கேட்டவை, நான் குடுத்தனான்."

பிறகு நான் கொடுத்த படத்துக்கு நிறம் தீட்டத் தொடங்கினான். கை வேலையில் இருக்க வாய் ஒரு பாட்டை முணுமுணுத்தது. 2012இல் வந்த 'தி லோராக்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தில், பேராசையில் காட்டையே வெட்டி அழிக்கிறவன் பாடும் 'ஹவ் பேட் கேன் ஐ பி' பாட்டு. 'நான் அப்படி என்ன பெரிய கெட்டவன்?' என்பதுதான் அதன் பல்லவி. அவனுடைய பள்ளிக்கூடத்தில் ஆங்கில தினத்துக்கு இதே பாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். பச்சைக் கடதாசியில் கோட்டு, உயரத் தொப்பி, மேடையெங்கும் கடதாசி நோட்டு. பெற்றோர் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன். "கார்ட்டூன்தானே மிஸ். பாடுறவன் வில்லன் எண்டு பிள்ளைக்குத் தெரியாதே?"

தெரியாது அம்மா. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளைந்துவிட்டது. வில்லன் என்றால் மீசை முறுக்கி, கண்ணை உருட்டிக்கொண்டு வருவான் என்று நினைக்கிறோம். அப்படி வருகிறவனைப் பிள்ளைகளுக்குத் தெரியும்தான். 1992இல் வந்த 'ஃபெர்ன்கல்லி' படத்தில் காட்டை அழிக்கும் இயந்திரத்தின் புகையைக் குடித்து வளரும் ஒரு கரிய உருவம் பாடும். அதைப் பார்த்தால் பிள்ளை அம்மாவின் மடிக்குள் ஒளிந்துகொள்ளும். 'லோராக்ஸ்' அப்படி இல்லை. 1971இல் வந்த மூலக் கதைப் புத்தகத்தில் மரம் வெட்டுகிறவனின் முகத்தையே காட்டமாட்டார்கள், பச்சைக் கைகள் மட்டும்தான் தெரியும். படத்திலோ அவன் கிட்டார் வாசிக்கும் நல்ல பெடியன். இனி மரம் வெட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். வீட்டார் வந்து நெருக்க, வாக்கை மீறுகிறான். அந்த இடத்தில்தான் இந்தப் பாட்டு.

பாட்டுக்குள் அவன் அடுக்கும் நியாயங்களைக் கவனியுங்கள். இது இயற்கையின் விதி. வியாபாரம் வளரத்தானே வேண்டும். இலாபத்தில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகிறது. வளர்ந்தவர்களுக்கு இது பேராசைக்காரனின் வாக்குமூலம். பத்து வயதுப் பிள்ளைக்கு இது பேராசைக்கான நியாயப் பட்டியல். அதுவும் துள்ளல் மெட்டில், 'நான்' என்று தன் வாயாலேயே பாடும்படி. இந்த இடத்துக்கு முதலில் எழுதப்பட்ட 'பிகரிங்' என்ற பாட்டு இதைவிடக் கடுமையானது. அதை எடுத்துவிட்டுத்தான் இதைப் போட்டார்கள். படம் எடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. பாட்டு முடிந்ததும் கடைசி மரம் விழுகிறது. புகைக்குள் மிருகங்கள் வரிசையாக ஊரை விட்டுப் போகின்றன. கதை அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. போனில் பாட்டை மட்டும் வெட்டிப் போட்டுக்கொடுத்தால் அந்தப் பதில் பிள்ளைக்கு எங்கே கிடைக்கும்?

முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தட்டான் சாதுரியமாகத்தான் பேசுவான். அவன் பேச்சை ரசித்துவிட்டு யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனதில்லை. விடிய விடிய இருந்து, கண்ணகி நியாயம் கேட்பதையும் பார்த்துவிட்டுத்தான் எழும்புவோம்.

அந்தப் பையனைப் பாட்டு மட்டும் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அவன் வீட்டு வாசலுக்கும் கிழமைக்கொரு நாள் கடன் காசு அறவிட மோட்டார் சைக்கிள் வருகிறது. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய ஊர்களுக்குள் நுண்கடன் எப்படி வந்ததென்று உங்களுக்குத் தெரியும். யாரும் அதட்டிக்கொண்டு வரவில்லை. "அக்கா, உங்களுக்கு உதவத்தான்" என்று சிரித்துக்கொண்டே வந்தார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனை அரசாங்கமே தலையிட்டுத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அது போய் முடிந்தது. கொப்பியில் கோடு போட அந்தப் பையன் வாசலில் பழகினான். அதற்கு நியாயம் சொல்லப் பாட்டில் பழகினான். எங்கள் படிவத்தில் இதை 'நடத்தைப் பிரச்சினை' என்று ஒரு சொல்லில் எழுதவேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடே இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

படத்தைத் தடை செய்யாதீர்கள். தயவுசெய்து. தடுத்தால் ஒளித்துப் பார்ப்பார்கள், அப்போது பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். முழுப் படமும் ஒன்றரை மணித்தியாலம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருந்து முழுதாகப் பாருங்கள். சமையலைப் பிறகு பார்க்கலாம்.

பாட்டு முடிந்ததும் அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். "இந்தப் பாட்டில ஆர் ஆர் பாடேல்லை?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள்.

பாட்டால் இங்கிலீசு வளரும் என்கிறீர்கள். வளரட்டும். அந்த வரிகளின் பொருளையும் தமிழில் சொல்லிக்கொடுங்கள். பொருள் தெரியாமல் ராகத்தோடு மனப்பாடம் செய்த சொல்லும் மனதில் தங்கிவிடும்.

பிள்ளை இப்படி ஏதும் செய்தால் அடிக்காதீர்கள், 'வட்டிக்காரன்' என்று பட்டம் வைக்காதீர்கள். இந்தப் பையனுக்கு நான் என் மடிக்கணினியில் முழுப் படத்தையும் போட்டுக் காட்டினேன். மிருகங்கள் போகும் காட்சியில் நிறுத்தச் சொன்னான். "இதுகள் இனி எங்க போகுங்கள் மிஸ்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பணிஸ் வாங்காமல் இருந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவள் நாளைக்கு வருவாளா என்று கேட்டான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலயப் போட்டிக்கு இதே பாட்டோடு போகிறீர்கள் என்று அறிந்தேன். போங்கள், பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள். கடைசி மரம் விழுவதையும் சேர்த்து மேடையேற்றுங்கள். நேரம் போதாவிட்டால் கடதாசி நோட்டு பறக்கும் இடத்தைக் குறையுங்கள். வெளியேறிப் போகும் மிருகங்களாக நடிக்க ஐந்தாறு பிள்ளைகள் போதும். தேவைப்பட்டால் ஒத்திகைக்கு நானும் வருகிறேன்.