வாள் வேறு, உறை வேறு: பழைய ஆயுதங்களைப் பொதி செய்வோர் அறியவேண்டியவை

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் முதலியார், மணியகாரர் காலத்து வாள்களும் குத்துவாள்களும் தலைமுறைகளாகப் பெட்டகத்துக்குள் இருந்து வருகின்றன. வீடு விற்கப்படும்போதோ, பிள்ளைகள் கொழும்பிலோ கடல் கடந்தோ நிலைத்துவிடும்போதோ அவை பயணப்பட நேர்கிறது. பழம்பொருள் பராமரிப்பில் ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், வழியில் சேதமுற்ற ஆயுதங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெட்டி கீழே விழுந்து உடைந்தவை அவற்றுள் மிகச் சில. பெட்டிக்குள்ளே பொருள் அசைந்ததாலும், உள்ளே அடைபட்ட ஈரத்தாலும் கெட்டவையே மிகுதி.

வாளை உறைக்குள் இட்டு அனுப்புவதுதான் பாதுகாப்பு என்று பெரும்பாலானோர் நம்புகிறார்கள். இதுவே நான் முதலில் மறுக்கும் பழக்கம். உறை என்பது அந்த வாளுக்கென்றே செய்யப்பட்டதாயினும், நூறு ஆண்டுகளில் மரம் சுருங்கியிருக்கும், தோல் இறுகியிருக்கும். கொழும்புக்குப் போகும் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வழியில் லொறி குலுங்கும் ஒவ்வொரு தடவையும் அலகின் நுனி உறையின் அடியைக் குத்திக்கொண்டே இருக்கும். மர உறையின் ஒட்டு விடுவதும், நுனி வெளியே எட்டிப் பார்ப்பதும் இப்படித்தான். தோலில் எஞ்சியிருக்கும் பதனிடு பொருட்களும் அது உறிஞ்சிய ஈரமும் இரும்பை அரிக்கும். பித்தளைப் பூண் தோலைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு மெழுகுபோல் படியும். ஆகவே உறையைத் தனியாகவும் அலகைத் தனியாகவும் பொதி செய்ய வேண்டும். அலகு உறைக்குள் இறுகியிருந்தால் இழுத்துப் பார்க்கக் கூடாது. அப்படியே விட்டு, பெட்டியோடு அனுப்பும் குறிப்பில் அதை எழுதுங்கள்.

பொதி செய்யுமுன் கைப்பிடியை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள். இலங்கையின் பாரம்பரிய வாளான, சிங்கமுகக் கைப்பிடியுள்ள கஸ்தானவானால், அந்த முகத்தின் கண்களில் பதித்த சிறு சிவப்புக் கற்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று தேடுங்கள். இந்திய வாள்கள் பலவற்றில் அலகைக் கைப்பிடியோடு பிணைத்திருப்பது அரக்கு. மதிய வெயிலில் நிற்கும் மூடிய லொறிக்குள் அது இளகிவிடும். ஆகவே கைப்பிடியால் மாத்திரம் எடை தாங்கும்படி எந்த வாளையும் கிடத்தக் கூடாது.

தேங்காய் எண்ணெய் பூசுவதும், புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நாட்பட்டுச் சிக்கெடுத்துப் பித்தளையை அரிக்கிறது. புளியின் அமிலம் செதுக்கல்களின் இடுக்குகளில் தங்கி, முலாம் பூச்சையும் தின்கிறது. வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பே துருவுக்கு வித்தாகும் என்பதால் நைட்ரைல் கையுறை அணிந்து, மென்துணியால் தூசியைத் துடைத்து, இரும்பில் நுண்படிக மெழுகை (பழம்பொருள் பராமரிப்பில் பயன்படும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு) மெல்லியதாய்ப் பூசினால் போதும்.

சுற்றுவதற்கு அமிலமற்ற மென்தாளே ஏற்றது. செய்தித்தாளில் அமிலமும் மையும் உண்டு. சாக்கு ஈரத்தை இழுக்கும். இறப்பர் பட்டி வெளிவிடும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பபிள் ராப் நேரடியாகப் பட்டால் குமிழ்த் தடம் உலோகத்தில் பதியக்கூடும். பொலித்தீன் நுரைப் பலகையில் ஆயுதத்தின் வடிவத்தை வெட்டியெடுத்து, அந்தக் குழிக்குள் அது துளியும் அசையாதபடி கிடத்த வேண்டும். உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையே எல்லாப் பக்கத்திலும் ஐந்து சென்றிமீற்றர் அளவுக்கு நுரை இருக்கட்டும். மூடியபின் குலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் மறுபடி திறக்கத்தான் வேண்டும். மாரிகாலத்தில், கடற்கரையோர வீட்டில் வைத்துப் பொதி செய்யாதீர்கள். உப்புக் காற்றையும் சேர்த்தே பெட்டிக்குள் அடைத்தவராவீர்கள். சிலிக்கா ஜெல் நல்லதுதான், ஆயினும் தந்தமோ மரமோ கைப்பிடியில் இருந்தால் அளவோடு வைக்க வேண்டும்: இரும்புக்கு உகந்த வறட்சி தந்தத்தை வெடிக்கச் செய்யும்.

பழைய துப்பாக்கியில் உயிருக்கே ஆபத்து உண்டு. வாய்வழியாக வெடிமருந்து இட்டு நிரப்பும் வகையில், எவரோ எப்போதோ நிரப்பிய மருந்து அப்படியே கிடப்பது புதுமையல்ல. உலர்ந்த கருமருந்து காலத்தால் வலுவிழப்பதில்லை. வாயின் முன்னே நில்லாமல், குழலுக்குள் மெல்லிய மரக்கோலொன்றை மெதுவாக விட்டு, வாயருகே அடையாளமிட்டு, வெளியே எடுத்துக் குழலோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். மருந்துக்குத் தீ செல்லும், குழலின் அடியிலுள்ள பற்றுத் துளையின் அளவுக்குக் கோல் எட்டவில்லையானால் உள்ளே ஏதோ இருக்கிறது. கிண்டாமல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னர் அனுமதி வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்லத் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் அவசியம். தந்தக் கைப்பிடி இருப்பின், ஆசிய யானை 1975 முதல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின், மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதலாம் பின்னிணைப்பில் இருப்பதையும் கருத வேண்டும். ஒல்லாந்தர் 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து கொள்ளையிட்ட பீரங்கியும் பொன், வெள்ளிக் கஸ்தான வாள்களும் துப்பாக்கிகளும் 2023இல்தான் நெதர்லாந்திலிருந்து திரும்பின. வெளியே போன பொருள் மீள எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்த அனுமதியை வெறும் தொந்தரவாக எண்ணமாட்டார்கள்.

வெளிநாட்டுக்கு மரப்பெட்டியில் அனுப்புவதானால், மரப் பொதிகள் வழியே பூச்சிகள் பரவாதிருக்க வகுத்த சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15இன் முத்திரை பெற்ற, வெப்பமூட்டிய பலகையைக் கேட்டு வாங்குங்கள். மரத்தின் நடுவே 56 பாகை செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும். முத்திரையில்லாத பெட்டி துறைமுகத்திலேயே மறிக்கப்படலாம்.

ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்து, எந்த ஒழுங்கில் பிரிக்க வேண்டும் என்று எழுதி உள்மூடியில் ஒட்டுங்கள். குளிர்நாட்டில் பெறுபவர் பெட்டியை ஒரு நாள் முழுதும் அறை வெப்பத்தில் திறக்காமல் வைத்திருக்கட்டும். உடனே திறந்தால் குளிர்ந்த அலகில் நீர் பனித்து, சில மணித்தியாலத்திலேயே துரு தொடங்கிவிடும்.