பின்பலகைக்குச் சாயம் அடிக்குமுன் சுவரைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரில் எங்களைப் போன்ற அலமாரி வேலைக்காரர்களுக்கு ஓய்வே இருக்காது. சுவரோடு சேர்த்துச் செய்த புத்தக அலமாரியின் பின்பலகைக்கு மட்டும் வேறு நிறம் கேட்பவர்கள் இப்போது அதிகம். எனக்கும் அது பிடிக்கும். வெள்ளை அலமாரிக்குள் மயில்நீலமோ கடுகு மஞ்சளோ வந்ததும் கூடத்துக்கே தனிக் களை வந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரு லிட்டர் சாயமே போதும். ஆனால் அக்டோபரும் நவம்பரும் இங்கே மழை மாதங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட ஈரத்தைப் பற்றிக் கேட்பதில்லை.

அலமாரி எந்தச் சுவரில் நிற்கிறது? வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் பல நேரம் அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. கொண்டோ அடுக்குமாடியில் அது சாரல் நேராக அடிக்கும் வெளிச்சுவராக இருக்கலாம். வெளியே 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்பது நமக்குச் சாதாரண மாலைப்பொழுது. அந்தக் காற்று 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் நீர் கோர்க்கும். ஏர்கோனை 20இல் வைத்துத் தூங்கும் அறையில் மெல்லிய பின்பலகை அந்த 26 டிகிரிக்கும் கீழே குளிர்ந்து போகும். பலகைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஈரக்காற்று புகுந்தால் அங்கேயே நீராகிவிடும். முன்பக்கத்தை எண்ணெய்ச் சாயத்தால் பளபளவென்று மூடிவிட்டீர்களானால் அந்த ஈரம் அறைப்பக்கம் காயவும் வழியில்லை. உள்ளே பூசணம் பிடிக்கும், வெளியே சாயம் கொப்புளிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பூசணம் மூச்சையே பாதிக்கும்.

செந்தூலில் ஒரு அக்கா, "தம்பி, சாயம் அடிச்சா இந்த வாடை போயிடும்ல?" என்று கேட்டார். கீழ்த்தட்டின் பலகையைக் கழற்றிப் பார்த்தோம். குளியலறைக் குழாய் கசிந்து, பிளைவுட் கைபட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. குழாயைச் சரிசெய்து, சுவர் காய்ந்து, பலகை மாற்றிய பிறகுதான் நிறம் பூசினோம். அந்தத் தீபாவளிக்கு அலமாரி தயாராகவில்லை. அவருக்கு வருத்தம்தான். ஆனாலும் வேறு வழியே கிடையாது.

ஈரமானி வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். மரப்பலகையில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் சாயத்தைத் திறக்கவே வேண்டாம். கருவி இல்லையென்றால், அலமாரியை ஒட்டிய வெறும் சுவரில் ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பாருங்கள். தாளுக்கு அடியில் துளி நின்றால் சுவர் இன்னும் ஈரம்.

மெலமைன் என்ற செயற்கைப் பூச்சு ஒட்டிய பலகை என்றால் அதன் வழவழப்பில் சாயம் பிடிக்காது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, வழவழப்பான பரப்பிலும் ஒட்டும் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்த பிறகே நிறம். இதைத் தவிர்த்து விலையைக் குறைக்கிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நகம் பட்டாலே உரிந்து வரும்.

பினாங்கில் ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய மரவேலையில் ஈயம் கலந்த சாயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி தேய்த்தால் தூசி வீடெங்கும் பரவும். பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் பரிசோதனை செய்யாமல் உப்புத்தாளை எடுக்கவே கூடாது.

நிறத்தைக் கடையில் முடிவு செய்யாதீர்கள். ஓர் அட்டையில் பூசித் தட்டுக்குள் சாய்த்து, இரவில் உங்கள் வீட்டு விளக்கில் பாருங்கள். தட்டின் நிழலில் எந்த நிறமும் ஒரு படி கறுத்துத்தான் தெரியும். மஞ்சள் விளக்கில் நீலம் மங்கிவிடும்.

தண்ணீர்ச் சாயம் இரண்டு மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாது. ஆனால் முழுமையாக இறுக மூன்று, நான்கு வாரம் பிடிக்கும். அவசரப்பட்டு அடுக்கினால் பின்பலகையில் சாய்ந்த புத்தகங்கள் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இழுக்கும்போது அட்டையும் கிழியும், சாயமும் வரும். மழை நாளில் இரண்டு வாரமாவது தட்டுகளைக் காலியாக விடுங்கள். அடுக்கும்போதும் பலகைக்கும் புத்தகத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.