கடற்கரை ஊரில் நீல ஸ்புரூஸ் வேண்டாம்

சென்ற மாதம் திருவொற்றியூரில் ஒரு வீட்டுக்குத் தோட்டம் அமைக்கப் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, நீல ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக்கன்று நின்ற ஒரு தொட்டியைக் காட்டினார். "தம்பி, இணையத்தில் படம் பார்த்து நான்காயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். அப்படியும் காய்கிறதே?" என்றார். கிளையைத் தொட்டதும் ஊசி இலைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மிஞ்சியிருந்த ஓர் இலையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். நீலம் விரலோடு வந்துவிட்டது, அடியில் பச்சை.

அந்த நீலம் இலைமேல் படிந்த மெழுகுதான். மரம் அமெரிக்காவின் ராக்கி மலைகளைச் சேர்ந்தது. கொலராடோவின் மாநில மரம். ஏறக்குறைய 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், ஓடைக்கரைகளில் வளர்கிறது. குளிர்காலத்தில் உறங்கி எழுந்தால்தான் அதன் மொட்டுகள் ஒழுங்காக விரியும். எண்ணூரிலும் தண்டையார்பேட்டையிலும் மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. கத்திரியில் 40ஐத் தாண்டுகிறது. இரவிலும் வெக்கை தணிவதில்லை. பகலில் சேர்த்த உணவை மரம் இரவெல்லாம் மூச்சுவிட்டே கரைத்துவிடுகிறது.

வாடுகிறதே என்று மேலும் மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்கிற தவறு. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். வேர்கள் அழுகிக் கறுத்திருந்தன, இழுத்தால் தோல் தனியாகக் கழன்றது. அவர் ஊற்றியதோ உப்பேறிய போர்வெல் தண்ணீர். ஊரின் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இதை விற்றவர்மேல் எனக்குக் கோபம் வந்தது.

ஊசியிலை மரம்தான் வேண்டுமென்றால், நம் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்கும் அராக்கேரியாவை வாங்குங்கள். பசிபிக் தீவுக்காரி, உப்புக்காற்றைத் தாங்குவாள். ஆனால் தொட்டியோடு நிறுத்துங்கள். மதிலோரம் நட்டால் வீட்டையே தாண்டி வளர்வாள். நீலச் சாயலுக்கு மடகாஸ்கரின் பிஸ்மார்க் பனை இருக்கிறது, வெயிலை விரும்பும். ஆனால் ஓலை விரிய இருபதடி இடம் கேட்கும். அரை கிரவுண்ட் மனையில் அது வேண்டாம். புன்னையும் பூவரசும் இந்தக் கரைக்கே உரியவை.

அந்த அம்மா புன்னைக்குச் சம்மதித்தார். வாசல் பக்கம் குழி எடுத்தோம். இரண்டடியிலேயே கடல் மணல் வந்தது. செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நிரப்பி ஆறவிட்டிருக்கிறோம். அடுத்த வாரம் கன்றை நடுகிறோம்.