சன்ஷைன் லா: வெயிலா, வெளிச்சமா, அம்பலமா?

அமெரிக்கச் செய்திகளில் வரும் 'சன்ஷைன் லா'வை 'சூரிய ஒளிச் சட்டம்' என்று எழுதிவிட்டால், மொட்டைமாடியில் சோலார் தகடு மாட்ட மானியம் தரும் சட்டமோ என்றுதான் நம்மவர்களுக்குத் தோன்றும். விஷயம் வேறு. நகராட்சி, பள்ளி வாரியம், ஆணையம் போன்ற அரசு அமைப்புகள் கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது, மக்கள் வந்து உட்கார்ந்து பார்க்கும்படிதான் கூட வேண்டும் என்பதே அந்தச் சட்டம்.

கலிஃபோர்னியா 1953இலேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆனால் வெயில் பெயர் நிலைத்தது ஃபுளோரிடாவின் 1967 சட்டத்தால்தான். அந்த மாநிலத்தின் செல்லப்பெயரே 'சன்ஷைன் ஸ்டேட்'. அதற்கும் முன்பே, 1913இல், சூரிய வெளிச்சமே தலைசிறந்த கிருமிநாசினி என்பார்கள் என்று எழுதியிருந்தார் லூயிஸ் பிராண்டைஸ். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியானவர் அவர்.

ஃபுளோரிடா சட்டம் கொஞ்சம் கறாரானது. ஒரே குழுவின் உறுப்பினர்கள் இருவர் காபிக் கடையில் சந்தித்து, நாளை குழுவின் முன் வரவிருக்கும் விஷயத்தைப் பேசினாலும் அது 'கூட்டம்'தான். முன்னறிவிப்பு வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு வேண்டும். அமெரிக்க மத்திய அரசு 1976இல் போட்ட சட்டம் இவ்வளவு இறுக்கமில்லை. பலர் சேர்ந்து நடத்தும் ஆணையங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பொதுவாக ஒரு வார முன்னறிவிப்பு கேட்கும் அது, கதவைச் சாத்திக்கொள்ள 10 விதிவிலக்குகளும் தருகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'திறந்த கூட்டம்' என்றால் மைதானமும் மைக்செட்டும் நினைவுக்கு வரும். பழைய சொல் ஒன்று கச்சிதமாக இருக்கிறது: அம்பலம். பலர் கூடும் பொதுவிடம் என்று பொருள். 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியில் வருவது அந்த ஊர்ச்சபைதான். தென்மாவட்டங்களில் ஊர்த்தலைவருக்கு அம்பலக்காரர் என்றே பெயர். ஆனால் இன்று 'அம்பலமானது' என்றாலே ஏதோ மோசடி பிடிபட்டதாகத்தான் பொருள். 'மன்று' என்பதும் ஊர் நடுவே, மரத்தடியில் எல்லோரும் கூடிய வெளிதான். அது நகர்மன்றமாகிச் சுவரெழுப்பிக்கொண்டது.

ஆகவே என் பரிந்துரை 'வெளிப்படைக் கூட்டச் சட்டம்'. அம்பலத்தின் அழகு இதில் இல்லை, குழப்பமும் இல்லை. செய்தியில் இப்படி எழுதலாம்: "வாரிய உறுப்பினர்கள் இருவர் தனியே பேசி முடிவெடுத்தது வெளிப்படைக் கூட்டச் சட்டத்துக்கு முரணானது என வழக்கு."