ஹெச்.ஆர். பைப்பா, சி.ஆர். பைப்பா? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேட்டுக்கோ, மாடிப்படிக் கைப்பிடிக்கோ, ஷெட்டுக்கோ பைப் வாங்கப் போனால் கடையில் முதலில் கேட்பது "ஹெச்.ஆர். வேணுமா, சி.ஆர். வேணுமா?" என்பதுதான். சி.ஆர். தான் உசத்தி என்பார் ஒருவர். ஹெச்.ஆர். தான் கெட்டி, சி.ஆர். வெறும் பளபளப்பு என்பார் இன்னொருவர். இரண்டிலும் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி வாங்கியவர்கள் வீட்டில்தான் ஒரே வருஷத்தில் கேட்டின் பெயிண்ட் உரிகிறது, கைப்பிடி ஆட்டம் காண்கிறது.

ஹெச்.ஆர். (ஹாட் ரோல்டு, சூடாக உருட்டியது), சி.ஆர். (கோல்டு ரோல்டு, சூடாக்காமல் உருட்டியது) என்பவை பைப் செய்ய எடுத்த காயிலின், அதாவது சுருளாகச் சுற்றிய இரும்புத் தகட்டின் பெயர்கள், பைப்பின் பெயர்கள் அல்ல. எந்தக் காயிலாக இருந்தாலும் பைப் மில்லில் அதைச் சூடாக்காமல்தான் வளைக்கிறார்கள். வெல்டிங் நடக்கும் அந்த ஒரு கோட்டில் மட்டும்தான் சூடு. ஆகவே 'சூடாக உருட்டிய பைப்' என்று சொல்வது, பற்றவைத்த சாதாரண பைப்பைப் பொறுத்தவரை தவறு.

ஸ்லாப் என்ற தடித்த இரும்புப் பாளத்தை 1,200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி வரிசையாக ரோல்களுக்கு நடுவே விட்டு இழுப்பது ஹாட் ரோலிங். கடைசி ரோலைத் தாண்டும்போதும் தகடு சுமார் 850 முதல் 900 டிகிரி சூட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் காற்று பட்டதும் மேலே நீலங்கலந்த கருப்புத் தோல் படியும். அதுதான் மில் ஸ்கேல்.

இதே ஹெச்.ஆர். காயிலை அமிலத்தொட்டியில் ஓட்டி, ஸ்கேலை நீக்கி, சூடாக்காமலே மறுபடி உருட்டி, தடிமனைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்தால் அது சி.ஆர். அதாவது ஒவ்வொரு சி.ஆர். காயிலும் முன்பு ஹெச்.ஆர். ஆக இருந்ததுதான். சேலம் உருக்காலை 1981-ல் உற்பத்தி தொடங்கியபோது அங்கே இருந்தது கோல்டு ரோலிங் மட்டுமே. துருப்பிடிக்காத எஃகின் ஹெச்.ஆர். காயிலை வெளியிலிருந்து வரவழைத்து உருட்டினார்கள். சொந்த ஹாட் ரோலிங் மில் 1995-ல்தான் வந்தது.

குளிர்ச்சியாக உருட்டும்போது இரும்பு இறுகிப்போகும், உண்மைதான். ஆனால் அந்த நிலையில் வளைத்தால் விரிசல் விடும். அதனால் மூடிய உலையில், காற்று படாமல், 700 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து அனீல் செய்து இளக்குகிறார்கள். பிறகு ஸ்கின் பாஸ் என்று ஒரு சதவீதம் அளவுக்கு லேசாக ஒரு உருட்டு. அப்படி இளகிய தகட்டைவிட, குறைந்தபட்ச யீல்டு பலம் (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு) 250 மெகாபாஸ்கல் என்று வரையறுத்த ஐ.எஸ். (இந்தியத் தர எண்) 2062 இ250 ஹெச்.ஆர். தகடு பலமாக இருப்பதே சகஜம். ஆகவே 'சி.ஆர். என்றால் பலம்' என்பது அனீல் செய்யாத தகட்டுக்குத்தான் பொருந்தும். அந்தத் தகட்டில் செய்த பைப்பை நாற்காலிக் காலாக வளைத்தால் வளைவின் வெளிப்பக்கம் பிளக்கும். வளைக்கப் போகிறீர்கள் என்றால் "அனீல் பண்ணின காயிலா?" என்று கேட்டே வாங்குங்கள்.

இனி பைப் மில். காயிலை முதலில் பட்டைகளாக வெட்டுவார்கள். வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து 3.14 ஆல் பெருக்கினால் பட்டையின் அகலம் ஏறக்குறைய வந்துவிடும். 48.3 மி.மீ. வெளிவிட்டம், 3.2 மி.மீ. தடிமன் என்றால் 141.7 மி.மீ.; வெல்டில் நசுங்கி வெளியேறுவதற்கும் சைஸ் பிடிப்பதற்கும் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்கள். ரோல்கள் பட்டையைக் குழாயாக மடக்கியதும், உயர் அதிர்வெண் மின்சாரம் இரண்டு விளிம்புகளையும் உருகும் அளவுக்குச் சூடாக்கும். பக்கவாட்டு ரோல்கள் அவற்றை அழுத்தி ஒட்டும். வெல்டிங் ராடு, ஃபில்லர் எதுவும் கிடையாது. வெளியே துருத்தும் பிசிறை உளி போன்ற டூல் சீவிவிடும். உள்ளே இருப்பது பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

ஹெச்.ஆர். பட்டையில் இங்கே இரண்டு தொல்லைகள். ஒன்று ஸ்கேல். அது உதிர்ந்து கூலன்டில் (குளிர்விக்கும் திரவத்தில்) கலந்து, குழாய்க்குள் இருந்து மின்சாரத்தை விளிம்புகளுக்குத் திருப்பும் இம்பீடர் தண்டில் போய் அடையும், ரோலையும் தேய்க்கும். விளிம்பில் ஒட்டியிருந்தால் வெல்டுக்குள் ஆக்சைடாக மாட்டிக்கொள்ளும். வெளியே பார்க்க நன்றாக இருக்கும் சீம் (வெல்டு ஒட்டிய கோடு), நசுக்கினால் திறந்துகொள்ளும். நல்ல மில்கள் அமிலத்தில் சுத்தம் செய்து எண்ணெய் தடவிய ஹெச்.ஆர். காயிலை வாங்குவது இதற்காகத்தான். இரண்டாவது, ஹெச்.ஆர். காயில் நடுவில் சற்றுத் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். ஓரத்திலிருந்து வெட்டிய பட்டையின் ஒரு விளிம்பு மெல்லியதாக அமைந்து, வெல்டில் இரண்டு விளிம்பும் சமமாகச் சேராது. சி.ஆரில் இந்த இரண்டும் குறைவு. ஆனால் தகடு மெல்லியது, விட்டம் பெரியது என்றால் விளிம்பு அலை அலையாக நெளியும்; ஒன்றன் மேல் ஒன்று ஏறியும்விடும்.

சீம் உறுதியானதா என்று பட்டறையிலேயே சோதிக்கலாம். இரண்டு இஞ்சு நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, சீம் பக்கவாட்டில் வரும்படி வைஸில் வைத்து மெல்ல இறுக்குங்கள். ஐ.எஸ். 1239 பைப்பில், 50 மி.மீ. சைஸுக்கு மேற்பட்டவை நசுங்கி, அவற்றின் உயரம் வெளிவிட்டத்தில் 75 சதவீதம் ஆகும்வரை சீம் திறக்கக் கூடாது, 60 சதவீதம் ஆகும்வரை வேறெங்கும் விரிசல் விடக் கூடாது. 76 மி.மீ. பைப் என்றால் 57 மி.மீ. வரை சீம் தாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாறுவது தடிமனில்தான். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மி.மீ. 'லைட் 18' என்று கையில் கொடுப்பது 1 மி.மீ. ஆக இருக்கலாம். அறுத்த முனையில் பிசிறு இருந்தால் வெர்னியர் கூடுதலாகக் காட்டும். அரம் போட்டுவிட்டு, சீமை விட்டுத் தள்ளி நாலு இடத்தில் அளந்து பாருங்கள். இல்லையென்றால் எடை போடுங்கள்: வெளிவிட்டத்திலிருந்து தடிமனைக் கழித்து, தடிமனால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கான கிலோ. 25.4 மி.மீ. உருண்டைப் பைப் 1.2 மி.மீ. தடிமனில் 6 மீட்டர் நீளம் 4.3 கிலோ இருக்கும், 1 மி.மீ. என்றால் 3.6 கிலோதான். தராசு பொய் சொல்லாது.

'ஒரு இஞ்சு' என்ற சொல்லிலும் கவனம் தேவை. சி.ஆர். பைப்பில் அது வெளிவிட்டம், 25.4 மி.மீ. தண்ணீர்க் குழாயாகவும் விற்கும் ஐ.எஸ். 1239 பைப்பில் அது பெயரளவுக்கு உள்சைஸ், வெளிவிட்டம் 33.7 மி.மீ. இரண்டையும் கலந்து வாங்கி வந்தால் ஒன்றோடொன்று பொருந்தாது.

சாரத்துக்கு மெல்லிய சி.ஆர். பைப்பைக் கட்டுவதை எந்தக் காரணம் கொண்டும் ஏற்க முடியாது. 48.3 மி.மீ. பைப் 3.2 மி.மீ. தடிமனில் 6 மீட்டர் 21.4 கிலோ, 2 மி.மீ. தடிமனில் 13.7 கிலோ. சுமை தாங்கும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறைந்துவிடுகிறது. பைப்புகளை இணைக்கும் கப்ளரை இறுக்கும் இடத்தில் பைப் நசுங்கவும் செய்யும். மேலே நிற்பவர் உயிர் அந்தப் பைப்பின் மேல் இருக்கிறது.

பெயிண்டுக்கு வருவோம். ஹெச்.ஆர். பைப்பின் கருப்புத் தோல் மேலேயே பிரைமர் அடித்தால், அந்தத் தோல் வெயிலிலும் மழையிலும் உதிரும்போது பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு விழும். ஸ்கேல் வெடித்த இடத்தில் துரு குழியாகவே இறங்கும். சாண்ட் பிளாஸ்டிங் செய்ய முடியாவிட்டால், கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு உதிரும் ஸ்கேல் முழுவதையும் எடுத்துவிட்டு, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். சி.ஆரில் ஸ்கேல் இல்லை, எண்ணெய் உண்டு. அதைத் தின்னரால் துடைக்காமல் அடித்த பெயிண்ட் ஒட்டாது. துடைத்துவிட்டுப் போட்டு வைத்தால், கடலோர ஊர்களில் மறுநாளே செந்நிறம் தட்டிவிடும்.

வெல்டிங்கில், 1.2 மி.மீ. சி.ஆர். பைப்புக்கு 3.15 மி.மீ. ராடைப் பிடித்தால் ஓட்டை விழும். 2.5 மி.மீ. ராடு போட்டு, ஆம்பியரைக் குறைத்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், 0.8 மி.மீ. கம்பியுடன் மிக் வெல்டிங் மெஷின் இருந்தால் இன்னும் நல்லது. வளைக்கும்போது சீமை உள்வளைவிலோ வெளிவளைவிலோ வைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள்.

மேஜை, நாற்காலி, அலமாரி, பவுடர் கோட்டிங் செய்யும் சாமான்களுக்கு சி.ஆர்.; தூண், ட்ரஸ் (கூரை தாங்கும் சட்டம்), சாரம், பெரிய கேட்டின் சட்டம் என்றால் ஹெச்.ஆர். பில்லில் 'பைப் 10 எண்ணம்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். வெளிவிட்டம், தடிமன் மி.மீ. கணக்கில், ஐ.எஸ். எண், மொத்த எடை நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டு, வண்டியில் ஏற்றும் முன் ஒரு பைப்பையாவது தராசில் வையுங்கள்.