காம்பர்: சில்லுச் சாய்வு

காருக்கு முன்னால் குந்தியிருந்து முன்சில்லைப் பாருங்கள். அதன் மேல்விளிம்பு எஞ்சின் பக்கமாகச் சற்று உள்ளே சாய்ந்திருக்கும், அல்லது வெளியே தள்ளியிருக்கும், அல்லது நட்ட கம்பம் மாதிரி நேரே நிற்கும். நிலைக்குத்துக் கோட்டிலிருந்து சில்லு எத்தனை பாகை விலகி நிற்கிறதோ, அதுதான் காம்பர். ‘கம்பர்’ என்றும் எழுதுவார்கள். கவிச்சக்கரவர்த்தியின் பெயரோடு குழம்பாதிருக்க இங்கே நெடிலோடு எழுதுகிறோம். அதற்குத் தமிழ்ச் சொல் எது, வீட்டில் பூட்டிய போட்டிக் காரில் அதை எப்படி அளந்து வைப்பது என்பதே இங்கே பேச்சு.

தமிழில் இதற்குச் சரியான சொல் சில்லுச் சாய்வு. மேல்விளிம்பு உள்ளே என்றால் உட்சாய்வு, வெளியே என்றால் வெளிச்சாய்வு. எப்போதும் மேல்விளிம்பை வைத்தே பெயர் சொல்லவேண்டும். இந்த ஒரு விதியை விட்டால் மற்றதெல்லாம் தலைகீழாகிவிடும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. மாட்டின் கொம்பு உள்நோக்கி வளைந்திருப்பதைச் சொல்ல அங்கே ‘கமுர்’ என்ற சொல் இருந்தது. அது பழைய பிரெஞ்சில் ‘காம்ப்ர்’ ஆகி, வளைந்தது என்ற பொருளோடு ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்தில் அதை முதலில் எடுத்து ஆண்டவர்களில் கப்பல் கட்டுபவர்கள் முக்கியமானவர்கள். மேல்தட்டு நடுவில் உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருந்தால்தான் ஏறிய தண்ணீர் வடியும். அந்த மெல்லிய முதுகுதான் அவர்களின் காம்பர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை ஓடிய அன்னபூரணியைப் போலத் தட்டுப் போட்ட பாய்க்கப்பல் எதற்கும் இது வேண்டியதே. பிறகு தெரு போடுபவர்கள் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். மாரி மழை ஓரக் காணுக்கு வடிய, தார் வீதியின் நடு உயர்ந்திருப்பதும் காம்பர்தான். கடைசியாகத்தான் சில்லுக்கு வந்தது.

வந்த இடத்தில் பொருள் மாறிவிட்டது. கப்பல் தட்டு வளைந்திருக்கிறது, தெரு வளைந்திருக்கிறது, சில்லு வளையவில்லை. அது சாய்கிறது. ஆகவே வேரைப் பிடித்துக்கொண்டு ‘வளைவு’, ‘கவிவு’ என்று பெயர்த்தால் தெருவுக்கும் தட்டுக்கும் பொருந்தும், காருக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்துக் கராஜில் போய்ச் சில்லில் வளைவு இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். “றிம் வளைஞ்சுபோச்சோ?” என்றுதான் கேட்பார்கள். பள்ளத்தில் விழுந்த றிம்முக்கு உரிய சொல் அது.

பழந்தமிழில் இன்னும் நெருங்கிய சொல் ஒன்று உண்டு. கோடு என்றால் மாட்டுக் கொம்பு. கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். துலாக்கோலைச் சொல்லும் குறளில் ‘ஒருபால் கோடாமை’ என்று வருவது இந்தச் சாய்தலையே. கொம்பும் சாய்வும் ஒரே ஒலியில் கூடுவது அழகுதான். ஆனால் ‘கோட்டம்’ என்று எழுதினால் இன்று கோயிலும் குற்றமும்தான் நினைவுக்கு வரும். கலைச்சொல் படிப்பவனுக்கு மட்டுமல்ல, ஸ்பானரைக் கையில் வைத்திருப்பவனுக்கும் உடனே விளங்கவேண்டும். “சில்லு உள்ளுக்குச் சாஞ்சு நிக்குது” என்பது ஏற்கெனவே வாயில் இருக்கிற பேச்சு. அதிலிருந்து எடுத்ததுதான் சில்லுச் சாய்வு.

பிளஸ், மைனஸ் என்ற அடையாளங்களை விட உட்சாய்வு, வெளிச்சாய்வு என்று சொல்லச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அலைன்மென்ற் செய்யும் இடத்தில் அச்சடித்துத் தரும் தாளில் உட்சாய்வுக்கு மைனஸ் இருக்கும். ‘காம்பரைக் கூட்டிவிடுங்கோ’ என்று கேட்டால், மைனஸ் ஒன்றிலிருந்து கூட்டுவது பூச்சியத்தை நோக்கியா, இரண்டை நோக்கியா? கேட்பவரும் செய்பவரும் தங்கள் தங்கள் பொருளில் சரியாகவே விளங்கிக்கொள்வார்கள், சில்லு மட்டும் பிழையான பக்கம் போயிருக்கும். ‘உட்சாய்வு இரண்டு பாகை வையுங்கோ’ என்றால் மயக்கமே இல்லை.

இனி அது என்ன வேலை செய்கிறது என்பது. சைக்கிளில் முடக்கு எடுக்கும்போது நாமும் சைக்கிளும் சேர்ந்து முடக்கின் உட்பக்கம் சாய்கிறோம். காருக்கு அது முடியாது. வலப்பக்கம் திருப்பினால் உடல் இடப்பக்கம் சரிகிறது, பாரம் இடச்சில்லில் விழுகிறது, அந்தச் சில்லும் உடலோடு சேர்ந்து வெளிப்பக்கம் சாயப் பார்க்கிறது. அப்போது ரயரின் வெளித்தோள் மட்டும் தரையைக் கடிக்கும், உட்பாதி தூக்கிக்கொள்ளும். நிற்கும்போதே உட்சாய்வு கொடுத்து வைத்தால், முடக்கில் உடல் சரியும் நேரத்தில் சில்லு ஏறத்தாழ நேராகி, ரயரின் முழு அகலமும் தரையில் படியும். உட்சாய்வின் முக்கியப் பயன் இதுதான்.

இனி நமது போட்டிக் கார்: கிற் கார். அது பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டும் கார். 1957இல் கொலின் சப்மன் வெளிவிட்ட லோட்டஸ் செவன் இந்த வகையில் பெயர்பெற்றது. 1973இலிருந்து அதை கேற்றர்ஹாம் என்ற பெயரில் செய்கிறார்கள். எடை 500 கிலோவைச் சுற்றியே இருக்கும். இந்தக் கார் ஓடும் ஓட்டோகுரொஸ் என்றால் கூம்புகள் வைத்த குறுகிய தடத்தில் ஒவ்வொரு காராக, நேரத்தோடு போட்டியிடும் ஓட்டம். நமது மாட்டு வண்டிச் சவாரியில் வண்டிகள் பக்கம்பக்கமாக ஓடும், இதில் எதிராளி கடிகாரம்தான். ஒரு நிமிடத்துக்குள் இருபது முடக்கு வரும் ஓட்டத்தில் முன்சில்லின் சாய்வு நேரத்தையே மாற்றிவிடும்.

தார்த் தடத்தில், ரேடியல் ரயர் போட்ட இந்த வகைக் காருக்குத் தொடங்க நல்ல அளவு: முன்சில்லுக்கு 2 முதல் 2½ பாகை உட்சாய்வு, தனித்தனியாக அசையும் பின்சில்லுக்கு 1 முதல் 1½. பின்னால் ஒரே உருளை அச்சு என்றால் அங்கே சாய்வைத் தொட வழியில்லை, பூச்சியமாகவே இருக்கும். தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் மாதிரியான மண்தடத்துக்கு முன்னால் அரை முதல் ஒரு பாகை போதும். மண் இளகி நகரும்போது கார் அவ்வளவு சரியாது, ரயர் தட்டையாக நின்று மண்ணைப் பிடிப்பதே நல்லது. இந்த அளவுகளுக்கு மேலே போகக் கை துறுதுறுக்கும். பிறேக் அடிக்கும்போது அதன் விலை தெரியும்: நேர் ஓட்டத்தில் ரயரின் உள்ளோரம் மட்டும் தரையில் நிற்பதால் முன்சில்லு சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், உள்ளோரம் தேய்ந்து கம்பி தெரியும்.

தெருக் கார்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் இடப்பக்கம் ஓடுவதால் தெருவின் முதுகு காரை இடப்பக்கம் இழுக்கும். அதை ஈடுசெய்ய வல முன்சில்லுக்குச் சற்றுக் கூடிய வெளிச்சாய்வு கொடுப்பார்கள். போட்டிக் காரில் இதைச் செய்யவே கூடாது. இரண்டு பக்கமும் கால் பாகைக்குள் ஒத்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்க முடக்கில் பிடிக்கும் கார் மறுபக்க முடக்கில் தள்ளிக்கொண்டு போகும்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. மேசன்மாரின் தூக்குக்குண்டு போதும், அது சரியாகவும் காட்டும். முதலில் தளம். தெளிவான குழாயில் தண்ணீர் நிரப்பி நான்கு சில்லின் அடியிலும் மட்டம் பாருங்கள். 1300 மில்லிமீற்றர் அகலக் காரில் இடமும் வலமும் 10 மில்லிமீற்றர் வித்தியாசப்பட்டால் ஏறத்தாழ அரைப் பாகை பிழை, ஒரு பக்கம் கூட்டியும் மறுபக்கம் குறைத்தும் காட்டும். தாழ்ந்த பக்கத்துக்கு மெல்லிய பலகை வையுங்கள். காற்றைப் போட்டி அளவுக்கு அடியுங்கள். ஆசனத்தில் ஓட்டுபவரின் எடையை ஏற்றுங்கள்: 70 கிலோ ஆள் என்றால் ஒரு 50 கிலோ சீமெந்து மூடையும் மேலே 20 கிலோ அரிசியும். 500 கிலோ காரில் ஓட்டுபவரே ஏழில் ஒரு பங்கு என்பதால் இதை விட்டால் அளவே வீண். ஸ்ரியறிங் நேரே. ஜக்கிலிருந்து இறக்கிய காரைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, முன்பக்கத்தை இரண்டு முறை அமுக்கிவிடுங்கள். இறக்கியதும் ரயர் தரையில் ஒட்டிக்கொண்டு சில்லின் அடியை உள்ளே இழுத்து வைத்திருக்கும், அந்த நேரத்து அளவு பொய்.

நூலை ஒரு பலகையில் கட்டி, ரயருக்கு வெளியே தொங்கவிடுங்கள். குண்டு ஒரு பழைய ரின்னில் உள்ள தண்ணீருக்குள் அமிழ்ந்திருந்தால் கடற்காற்றிலும் ஆடாது. நூலிலிருந்து றிம்மின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இரும்பு அடிமட்டத்தால் அளவுங்கள். ரயரில் அளக்கவேண்டாம், கீழே பாரத்தால் பிதுங்கியிருக்கும். 13 அங்குல றிம்மின் விளிம்புக்கு விளிம்பு 350 மில்லிமீற்றர் என்று வைத்தால், ஒரு பாகைக்கு 6 மில்லிமீற்றர் வரும். மேலே 52, கீழே 40 என்றால் 12 வித்தியாசம்: இரண்டு பாகை உட்சாய்வு. காரை உருட்டி, சில்லு அரைச் சுற்றுத் திரும்பியதும் இன்னொரு தடவை அளந்து சராசரி எடுங்கள். றிம் கொஞ்சம் நெளிந்திருந்தாலும் அது கழிந்துவிடும்.

சாய்வை மாற்றுவது மேல் கையின் நுனியில் உள்ள உருண்டை மூட்டைச் சுற்றி. மேல் கை என்பது சில்லின் மேற்பகுதியைக் காரின் உடலோடு பிணைக்கும் கம்பி. கையை நீளம் குறைத்தால் உட்சாய்வு கூடும். அரை அங்குல, அங்குலத்துக்கு 20 புரியுள்ள மூட்டில் ஒரு முழுச் சுற்று 1.27 மில்லிமீற்றர். மேல் மூட்டுக்கும் கீழ் மூட்டுக்கும் இடைவெளி 230 மில்லிமீற்றர் என்றால் அது 0.3 பாகைக்குச் சற்று மேல். ஆகவே ஒரு பாகைக்கு மூன்று சுற்று. வெளியே இழுக்கும்போது புரி பிடித்திருக்கும் நீளம் விட்டத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது, இங்கே 19 மில்லிமீற்றர். அதற்கு மேலும் நீளம் வேண்டுமென்றால் லேத்தில் புதுக் கை செய்வியுங்கள். மூட்டை ஒட்டி நீட்டுவது உயிருக்கு ஆபத்து. லொக் நட்டை இறுக்கிய பிறகு இன்னொருமுறை அளவுங்கள், இறுக்கும்போது மூட்டு திரும்பிவிடும்.

ஓட்டத்தின் பின் உண்மையைச் சொல்வது சோக்கட்டி. ரயரின் வெளித்தோளில் மூன்று இடத்தில் குறுக்காகத் தடித்துப் பூசி ஒரு ஓட்டம் விடுங்கள். தோளின் ஓரத்தில் உள்ள சிறிய முக்கோண அடையாளம் வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டிப் பக்கச் சுவரில் அழிந்திருந்தால் காற்றோ உட்சாய்வோ போதாது. தரையில் படும் ரயர்ப் பட்டியின் வெளியோரத்திலேயே சோக்கு மிஞ்சியிருந்தால் ஏதோ ஒன்று கூடிவிட்டது. முதலில் 2 பி.எஸ்.ஐ. காற்றைத்தான் மாற்றிப் பாருங்கள், சாய்வை அல்ல. இந்த எடைக்கு 18 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம். ரயரும் அச்சும் எடுத்த பழைய காரின் 30ஐ அப்படியே அடிப்பதுதான் பலர் விடும் பிழை. அப்போது ரயர் நடுவில் பொங்கி நிற்கும், சாய்வை எவ்வளவு மாற்றினாலும் கார் வழுக்கும்.

கூடப் பிறந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ரோ என்பது மேலிருந்து பார்க்கும்போது இரு சில்லும் முன்னே நெருங்குவதும் விலகுவதும்: முன்குவிவு, முன்விரிவு. காஸ்ரர் என்பது ஸ்ரியறிங் திரும்பும் அச்சு பக்கத்திலிருந்து பார்க்கும்போது பின்னே சாய்ந்திருப்பது: அச்சுப் பின்சாய்வு. இதுவும் சாய்வு என்பதால்தான் காம்பருக்கு வெறும் ‘சாய்வு’ போதாமல் ‘சில்லு’ என்ற அடை வேண்டியிருக்கிறது. பின்சாய்வு 5, 6 பாகை இருந்தால், ஸ்ரியறிங்கை ஒடிக்கும்போதே வெளிச்சில்லு தானாக உட்சாயும், நிலையான உட்சாய்வைக் குறைத்துப் பிறேக்கைக் காப்பாற்றலாம். மேல் கைக்கு இரண்டு கால் இருந்து இரண்டிலும் மூட்டு இருந்தால் சமமாகச் சுற்றுங்கள், ஒன்றை மட்டும் சுற்றினால் பின்சாய்வு மாறிவிடும். சில்லுச் சாய்வைத் தொட்டதும் முன்குவிவும் மாறும். ஆகவே சாய்வு முதலில், குவிவு கடைசியில்.

கொப்பியில் எழுதும்போது அடையாளக் குறி போடாமல் இப்படி எழுதலாம் (கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு): முன் இடம், உட்சாய்வு 2 பாகை 10 கலை, முன் வலம், உட்சாய்வு 2 பாகை, ஆள் எடை ஏற்றி, காற்று 18.