நாவல்பழ ஜோக்கும் ஸ்டீராய்டு கிரீமும்

கன்னம் இரண்டும் சிவந்து, தோல் மெலிந்து மெல்லிய ரத்த நாளங்கள் வெளியே தெரிய, பருவும் பூனைமுடியும் சேர்ந்து, வெயிலில் நின்றாலே எரிகிற முகம். தோல் மருத்துவராக இதை அடிக்கடி பார்க்கிறேன். விசாரித்தால், யாரோ சொன்னார்கள் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய "சிவப்பாக்கும்" கிரீமை மாதக்கணக்கில் பூசியிருப்பார்கள். பெரும்பாலும் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த மருந்து அது. மங்கு எனப்படும் முகக் கருந்திட்டுகளுக்குச் சில வாரங்கள் மட்டும் நாங்கள் எழுதித் தருவது. ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கியது, ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

ஏன் பூசினாய் என்று கேட்டால் அந்தப் பெண் பேச மாட்டாள், கூட வந்த அம்மாதான் சொல்வார்: காலேஜில் கிண்டல் பண்றாங்க டாக்டர். என்ன கிண்டல்? "கரண்ட் போனா சிரி, அப்பதான் தெரிவே." இதெல்லாம் பிள்ளைகள் சொந்தமாக யோசித்ததில்லை, டிவி காமெடியில் வருஷக்கணக்காக அரைத்த மாவு. கருப்பான பெண் காதலைச் சொன்னால் பையன் அலறி ஓட வேண்டும், கருப்பான ஆண் என்றால் ரவுடி அல்லது வேலைக்காரன், அதுவும் போதாமல் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருவார்கள்.

2016-இல் நடிகை தனிஷ்டா சாட்டர்ஜி தன் படத்தைப் பற்றிப் பேச ஓர் இந்தி காமெடி நிகழ்ச்சிக்குப் போனார். சின்ன வயதிலிருந்து எவ்வளவு நாவல்பழம் சாப்பிட்டீர்கள் என்று அவர் நிறத்தை வைத்தே கேலி நடந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டார். நிற வெறுப்பும் சாதி வெறுப்பும் ஒட்டிப் பிறந்தவை என்று பேஸ்புக்கில் எழுதினார், சேனல் வருத்தம் தெரிவித்தது. வளர்ந்த, பெயர் பெற்ற நடிகைக்கே இந்த நிலை என்றால் பதினாறு வயதுப் பெண் எங்கே எழுந்து போவாள்?

கருப்பு நிறத்தைக் குறையாகக் காட்டி விளம்பரம் செய்யக் கூடாது என்று விளம்பரத் துறையின் தர மன்றம் 2014-இல் வழிமுறை கொண்டுவந்தது. அது விளம்பரத்துக்கு. இடையில் ஓடும் காமெடிக்கு யார் கேட்பது? கேட்க வேண்டியது நாம்தான், சேனலுக்குப் புகார் எழுதலாம், குறைந்தது வீட்டில் பிள்ளைகள் முன்னால் சிரிக்காமல் இருக்கலாம்.

நிறத்தில் நோய் எதுவும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அவை எவ்வளவு மெலனின் தயாரிக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த மெலனின்தான் வெயிலிலிருந்து நம்மைக் காக்கிறது.

ஏற்கெனவே அப்படி ஒரு கிரீம் பூசிக்கொண்டிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், எரிச்சலும் சிவப்பும் இன்னும் கிளம்பும். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் வாருங்கள்.